கடைசிப் பாட்டில் இல்லாதவர்

சாணைச் சக்கரத்தில் கண்ணாடி வில்லையின் விளிம்பைத் தேய்க்கும்போதெல்லாம் அவருடைய இடது கால் தரையைத் தட்டும். "சார், காலைக் கொஞ்சம் நிறுத்துங்க, தலை வலிக்குது" என்று கல்லாவில் இருக்கும் பெண் சொன்னால், "கால் என் பேச்சைக் கேட்டா நான் ஏம்மா இங்க இருக்கேன்?" என்பார்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை பொருத்துவது அவருக்கு இருபது வருஷ வேலை. அதற்கு முன்னால் நான்கு பேர் சேர்ந்த ராக் குழு ஒன்றில் டிரம்ஸ் வாசித்தார். ஆள் ஊதினால் பறந்துவிடுகிற ஒல்லி. குழுவில் அவருக்குப் பெயர் 'இடி'.

முதல் ஆல்பம், எந்தக் கம்பெனி வாசலிலும் நிற்காமல் சொந்தமாகப் போட்டது, கல்லூரி விடுதிகளில் சக்கைப்போடு போட்டது. இரண்டாவதை ஒரு சலவைக்கடையின் மாடியில் பதினோரு நாளில் பதிவுசெய்தார்கள். கீழே இயந்திரங்கள் சுற்றினால் மாடித் தரை அதிரும். ஒரு துவையல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான் வாசிக்க முடியும். சலவைக்கடை அம்மா படியடியில் நின்று, "தம்பிகளா, பன்னெண்டு நிமிஷம் இருக்கு, அடிச்சு நொறுக்குங்க!" என்று குரல் கொடுப்பார். "அவசரத்துல வாசிச்சோம் பாருங்க, அந்த மாதிரி அப்புறம் எதுவுமே வாசிக்கல. இன்னிக்கும் சோப்பு வாசனை வந்தா கை பரபரங்குது" என்பார் இடி.

ஆல்பம் வெளியான அன்று கேசட் கடைக்குப் போய் நின்றபடியே முழுக்கக் கேட்டார். கடைசிப் பாட்டில் டிரம்ஸே இல்லை. வெறும் கிடாரும் குரலும். குழுவின் பாடகர் இவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் டிரம்ஸை எடுத்துவிட்டிருந்தார். பந்தியில் உட்காரவைத்துவிட்டு எழுப்பிவிட்ட மாதிரி இருந்தது இடிக்கு. அன்றோடு பேச்சு நின்றது. ஆல்பமும் போணியாகவில்லை, குழு கலைந்தது.

"ஞாயித்துக்கிழமை காலையில அந்த ஆல்பத்தைப் போட்டுட்டுதான் சட்டைக்கு இஸ்திரி போடுவாரு" என்கிறார் மனைவி. "கடைசிப் பாட்டு வந்தா மட்டும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வெச்சுட்டு சும்மா நிப்பாரு. கோவமாக்கும்னு நெனச்சுக்குவேன்."

போன மாதம் ஒரு மத்தியானம் பாடகர் கடைக்குள் வந்தார். தலை முழுக்க நரை. இருபத்திரண்டு வருஷம் கழித்து இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு கண்ணைப் பற்றியதுதான்.

"கிட்டக்க இருக்கறது தெரியலையா?"

"நான் எழுதின பாட்டையே என்னால படிக்க முடியலடா."

இடி சிரித்துவிட்டார். பாடகர் சிரிக்கவில்லை. "அந்தக் கடைசிப் பாட்டு... உன்கிட்ட கேட்டிருக்கணும். தைரியம் வரல."

"கேட்டிருந்தா முடியவே முடியாதுன்னு சொல்லியிருப்பேன். பாட்டு கெட்டுப்போயிருக்கும்."

"என்னடா சொல்ற?"

"நான் இல்லாததாலதான் அது நல்லா இருக்கு. இதை ஒத்துக்க எனக்குப் பத்து வருஷம் ஆச்சு." வில்லையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஆனா சொல்லாம பண்ணினது தப்பு. அது தப்புதான்."

பாடகர் ஆமாம் என்று தலையாட்டினார்.

அரை மணியில் கண்ணாடி தயாரானது. வந்தவர்களுக்கு மாட்டிப் பார்ப்பது விற்பனைப் பெண்ணின் வேலை. அவள் கை நீட்டியபோது இடி கொடுக்கவில்லை. மேசையைச் சுற்றித் தாமே வெளியே வந்து, பாடகரின் முகத்தில் கண்ணாடியை மாட்டினார். காதோரத்து நரைமுடியை ஒதுக்கி, கம்பி எங்காவது அழுத்துகிறதா என்று ஒற்றை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார்.