தங்கச்சி வீட்டு வெயில்

ஒரே பாக்கெட் தக்காளி விதையைத்தான் நானும் தங்கச்சியும் பாதிப் பாதியாகப் பிரித்துப் போட்டோம்.

என் நாற்றுகள்தான் முதலில் நெடுநெடுவென்று எழும்பின. உடனே படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன்.

இன்று காலை பார்த்தால் அவை எல்லாம் வெளிறித் தலைசாய்ந்து கிடக்கின்றன. பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் அவளுடைய நாற்றுகளோ கட்டையாக, தண்டு தடித்து, கரும்பச்சையாக நிற்கின்றன. வயிறு எரிந்தது.

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவள் நான். காரணம் தெரியாதா? வெளிச்சம் போதாவிட்டால், நாற்றுக்குள் இருக்கும் வளர்ச்சி ஹோர்மோன்கள் வெயிலைத் தேடித் தண்டை நீட்டிக்கொண்டே போகும். வெயில் கிடைத்த நாற்று உயரத்தை விட்டுவிட்டுத் தண்டையும் இலையையும் பலப்படுத்தும்.

என் முற்றத்து வெயிலை மறைப்பது, வாப்பா அவளுக்குச் சீதனமாகக் கட்டிக்கொடுத்த மாடி வீடு. எனக்குக் கிடைத்தது பழைய வீடு.

தங்கச்சி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "என்ன ராத்தா, தக்காளிக் கண்டெல்லாம் படுத்துட்டு?"

"உன்ட வீடு மறைச்சா வேறென்ன செய்யும்?" வாயை மீறி வந்துவிட்டது.

அவள் சொன்னாள்:

"வாப்பா எனக்கு வீட்டத் தந்தாரு. ஒங்களுக்குப் படிப்பத் தந்தாரு. நீங்க சாரி உடுத்து ஸ்கூலுக்குப் போகக்குள்ள நானும் இந்த மதிலாலதான் பாத்துக்கிட்டு நிக்கன்."

நான் என் நாற்றுப் பெட்டியைப் பார்த்தேன்.

"பெட்டிய மேல கொண்டாங்க, ராத்தா. இடம் கிடக்கு."

தூக்கிக்கொண்டு படியேறினேன். மேலே என்ன வெயில், என்ன காற்று! பொறாமை இன்னும் தீரவில்லை.

அவளுடைய மாடியில் காய்த்தால் அது யாருடைய தக்காளி? நியாயத்தைச் சொல்லுங்கள், என் பக்கமாக.