ஆறு நாள் வேலை, ஐந்து நாள் கெடு

தெருவில் அவளுக்கு நிதானம் என்று பெயர். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். அவளுடைய கம்ப்யூட்டருக்குப் பன்னிரண்டு வயது, அவளைவிடவும் நிதானம். மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒற்றை அறையில் இருவரும் சேர்ந்துதான் குடும்பத்துக்குச் சம்பாதித்தார்கள்.

புதன்கிழமை ஒரு பெண் பழைய கேசட்டோடு வந்தாள். அவளுடைய அம்மா அப்பாவின் கல்யாணம். அப்பா போன வருஷம் தவறிவிட்டார்.

"திங்கக்கிழமை அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அப்புறம் எவ்வளவு தெரியும்னு டாக்டரே சொல்லமாட்டேங்கறார். அதுக்குள்ள ஒரு தடவை தெளிவா பாத்துடணும்ங்க."

வேண்டாததை வெட்டித் தள்ளியது போக மூன்று மணி நேரப் படம் மிஞ்சியது. அதைத் தெளிவாக்க ஆறு நாள் ஆகும் என்றது கம்ப்யூட்டர். கையில் இருந்தது ஐந்து.

ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பியைக் கூப்பிட்டாள்.

"ஓவர்கிளாக் பண்ணிடலாம்க்கா. ப்ராசஸரை அதோட வேகத்துக்கு மேல ஓட்டுறதுதான். நாலே முக்கால் நாள்ல முடிஞ்சிடும்."

"கிழவனை ஓட்டப்பந்தயத்துல விடச் சொல்றே. பாதியில மூச்சு நின்னா?"

"சூடாகும், இல்லைங்கல. மதர்போர்டு போச்சுன்னா இந்த மாடலுக்கு இனிமே கிடைக்காது. ஆனா புது ஃபேன் போட்டுத் தர்றேன்."

ஒரு பக்கம் யாரோ ஒரு அம்மாவின் கண். மறுபக்கம் தன் பிழைப்பு. அரை மணி நேரம் யோசித்துவிட்டு, கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாம் என்றாள்.

ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது. தம்பி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். அவள் ஒவ்வொரு ஃப்ரேமாகப் பார்த்தாள். மூன்று இடங்களில் மாப்பிள்ளையின் கன்னத்தில் பச்சைப் புள்ளிகள்.

"ஓடுதுடா. ஆனா பொய் சொல்லுது."

வோல்டேஜை ஏற்றினால் சரியாகலாம். கூடவே சூடும் ஏறும். நின்றுபோனாலாவது தெரியும். தப்பாகச் செய்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் இருக்கிறதை எப்படி நம்புவது? பழைய வேகத்துக்கே மாற்றச் சொன்னாள்.

அப்புறம்தான், முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி உறைத்தது. போன் போட்டாள். "முழுசா முடியாதும்மா. உங்கம்மாவுக்கு எந்த இடம் கண்டிப்பா வேணும்னு கேளுங்க."

அம்மாவே போனை வாங்கிப் பேசினார். "அவர் தும்முற இடம் போதும்மா. அசையாம நில்லுங்கன்னு கேமராக்காரர் சொன்னாரு. இவர் ஊரே அதிர்ற மாதிரி தும்மிட்டாரு. எனக்குச் சிரிப்பு தாங்கல. அப்பதான் முதல் தடவையா என்னை நிமிர்ந்து பாத்தாரு."

நிதானம் போனை வைத்தாள். தும்மல், இருமல், கொட்டாவி எல்லாம் அவள் தொழிலில் குப்பை. முதல் வேலையாக அவற்றைத்தான் வெட்டியிருந்தாள்.

வெட்டிய துண்டுகளுக்குள் தேடி எடுத்தாள். பதினோரு விநாடி. ஒன்பது நிமிடம் ஆகும் என்றது கம்ப்யூட்டர். அந்த ஒன்பது நிமிடமும் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஓவர்கிளாக் மட்டும் ஒழுங்காக ஓடியிருந்தால், தும்மல் இல்லாத மூன்று மணி நேரத்தைச் சொன்ன நாளில் முடித்து, பெருமையாகக் கொடுத்தனுப்பியிருப்பாள்.