காகிதப் பைக்குள் பிறந்த பூ

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாப் பூச்செடிகளை நான் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு சித்திரையில் துரையின் மனைவி துரைசாணி நுவரெலியா மலர்க் கண்காட்சிக்குப் பூக்களை அனுப்பினார். லொறியில் கொண்டுபோய் வைக்க வேண்டியது என் வேலை. என் மனைவியையும் கூட்டிப் போகலாமா என்று கேட்டேன். சரி என்றார். அவள் அதுவரை ஹட்டனைத் தவிர வேறு டவுனைப் பார்த்ததில்லை.

பூக்களை மேசையில் அடுக்கிவிட்டு இருவரும் சுற்றிப் பார்த்தோம். கடைசிக் கூடாரத்தில் கூட்டமே இல்லை. டேலியாச் சட்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டு ஒரு சிங்கள ஐயா, அவர்கள் பேச்சில் மாத்தயா, நின்றார். அரசாங்கப் பூந்தோட்டத்தில் வேலை செய்பவராம். புதுப் பூ உண்டாகும் விதத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

சின்னத் தூரிகையால் சிவப்புப் பூவின் மகரந்தத்தைத் தொட்டு, வெள்ளைப் பூவின் நடுவில் தடவினார். வண்டு வந்து வேறு எதையும் கலந்துவிடாதபடி பூவைக் காகிதப் பையால் மூடி நூலால் கட்டினார். அந்த விதையில் முளைப்பவை ஒன்றுபோல் ஒன்று இருக்காதாம். ஒரு பாத்தி முழுக்க வளர்த்து, அதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார். அடி இளஞ்சிவப்பு, நுனி பால் வெள்ளை. அதற்காக ஆறு வருடம் காத்திருந்தாராம். பூச்செடிகளுக்கு நடுவிலேயே வாழ்ந்த எனக்கு, மனிதன் ஒரு பூவை உண்டாக்கலாம் என்று அன்றுவரை தோன்றியதே இல்லை. குனிந்து அந்தப் பூவையே பார்த்தேன்.

என் மனைவி முழங்கையால் இடித்தாள். "என்னங்க, வெதை போட்டா வேற வேற மாதிரி வரும்னு அவரே சொல்றாரு. அப்ப இதே பூவ இன்னொரு செடியில எப்படி எடுப்பாரு? கேளுங்க."

"நீயே கேளு."

தட்டுத்தடுமாறிச் சிங்களத்தில் கேட்டாள். அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். காலையிலிருந்து யாருமே இதைக் கேட்கவில்லையாம். "நீங்க சொல்லுங்க, எப்படி எடுக்கிறது?" என்று மெதுவாகத் தமிழில் திருப்பிக் கேட்டார்.

"குச்சி வெட்டித்தான் நடணும், மாத்தயா. அப்பத்தான் தாய்ச்செடி மாதிரியே வரும். தேயிலை நாத்துமேடையில எனக்கு அதுதானே வேலை."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மேசைக்கு அடியிலிருந்து ஒரு தட்டை எடுத்தார். அதில் டேலியாக் குச்சிகள் வேர்விட்டிருந்தன. வெயில் படாமல் எப்படிக் காப்பாற்றுகிறீர்கள் என்று அவளிடம் விசாரித்தார். காட்டுப் பெரணியை வெட்டிப் பந்தல் போடுவதை அவள் கையை விரித்து விளக்கினாள். ஒரே வேலையில் இருப்பவர்கள் பேசிக்கொள்வதுபோல் இருவரும் பேசினார்கள். என் மனைவிக்கு இவ்வளவு தெரியும் என்பது எனக்கே தெரியாது. பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அந்தப் புதுப் பூவைக் கொடுக்க அவருக்கு அனுமதி இல்லை. ஒதுக்கிப் போட்ட செடிகளில் ஒன்றைச் சட்டியோடு தந்தார். "இதழ் கோணலா வரும். பரவாயில்லையா?"

"எனக்குப் போதும், மாத்தயா."

லொறியில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். பூத்தபோது இதழ்கள் கோணல்தான். ஆனால் நல்ல கருஞ்சிவப்பு. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற பெண்கள் எங்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். "எனக்கும் ஒரு குச்சி குடு" என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். அடுத்த வருடம் எங்கள் லயத்து வரிசையில் பாதி வீட்டு வாசலில் அது பூத்தது. அத்தனையும் அவள் வெட்டி வேர்விட வைத்துக் கொடுத்தவை. ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை.