தேன்காரரின் கறுப்பு வெள்ளைப் படம்

சில வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலத்தில், கள்ளக்குறிச்சியில் எங்கள் கடையில் நடந்தது இது. பிள்ளைகளே, நானும் உங்கள் அம்மாவும் வியாபாரிகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பது உங்களுக்குத் தெரியும். படம் எடுப்பது நான். அதைக் கம்ப்யூட்டரில் அழகாக அடுக்குவது அம்மா.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் தேனும் சாமையும் விற்கும் ஒருவர் எங்களிடம் வந்தார். அவர் தோட்டத்துக்கே போய்ப் படம் எடுத்தேன். சுருக்கம் விழுந்த முகம், சிரிக்கிற கண். கலரைவிடக் கறுப்பு வெள்ளையில் எடுப்பாக இருந்தது. அம்மாவுக்கும் பிடித்தது, அவருக்கும் பிடித்தது. முகப்பில் அந்தப் படம், அடியில் அவர் பெயர். மலையில் சிக்னல் சரியாக வராது என்பதால் எங்கள் கடை நம்பரையே போட்டோம். தேனும் சாமையும் அதற்கும் கீழே.

யாரோ அந்த முகப்பை மட்டும் போனில் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள்.

மத்தியானம் கடைக்கு ஒரு போன் வந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அவருடைய மகள்.

"அண்ணா, எங்கப்பா போட்டோவப் பாத்தேன். எப்பண்ணா ஆச்சு?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. நம் ஊர்ச் சுவர்களில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எப்படி இருக்கும்? கறுப்பு வெள்ளை முகம், கீழே பெயர். நாங்கள் செய்ததும் அதேதான்.

"அப்பா நல்லா இருக்கார்மா. அது தேன் விக்கிறதுக்குப் போட்ட படம்."

"எங்க சித்தப்பா செத்தப்பவும் நல்லாத்தான் இருக்காரு, நீ கெளம்பி வான்னுதாண்ணா சொன்னாங்க. வூட்டுக்குப் போட்டா லைனே போவல. நான் பஸ் ஏறிட்டேன். உண்மையச் சொல்லிடுங்க."

அவள் கேட்டதில் தப்பில்லை. சாவை நாம் யாரும் போனில் நேராகச் சொல்வதில்லையே. நான் எத்தனை முறை சொன்னாலும் அது வெறும் ஆறுதலாகத்தான் அவள் காதில் விழுந்தது. அவர் குரலைக் கேட்டால்தான் நம்புவாள். அம்மா உடனே அந்தப் படத்தை நீக்கினாள். நான் பைக்கை எடுத்தேன். மலைப்பாதை முழுக்க மழை. வேகமாகப் போகவும் முடியவில்லை, நிற்கவும் மனசு வரவில்லை.

அவர் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "இன்னா தம்பி, உசுரோட இருக்கிறவன சாவடிச்சிட்டியே" என்று சிரித்தார். மகள் அழுதுகொண்டே பஸ்ஸில் வருகிறாள் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. சிக்னல் கிடைக்கும் வளைவு வரைக்கும் பைக்கில் என் பின்னால் உட்கார்ந்து வந்தார்.

மண் ஒட்டிய கையோடு போனை வாங்கினார். "பாப்பா, நாந்தான். கெழங்கு புடுங்கிக்கினு இருக்கேன். அழுவாத."

 "இன்னொரு வாட்டி பேசுப்பா" என்றாள்.

பேசினார். மழையைப் பற்றி, ஆடு குட்டி போட்டதைப் பற்றி, என்னென்னவோ. அவள் போதும் என்கிற வரைக்கும் பேசினார்.

அவள் திரும்பிப் போகவில்லை, வீட்டுக்கே வந்துவிட்டாள். அவளைப் பக்கத்தில் நிறுத்தி அவரைக் கலரில் எடுத்தேன். தளத்தில் இன்றும் அந்தப் படம்தான் இருக்கிறது.

இப்போதும் ஒரு படத்தை வெளியே விடுவதற்கு முன், அதைத் தூரத்தில் எங்கோ தனியாக இருந்து பார்க்கப்போகிற ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்கிறேன்.