குளத்தடி வேலி

எங்கட அத்தான் அலோசியஸ் மேயரானது செத்த வீடுகளாலதான். சிரிக்காதேங்கோ, உண்மை. எண்பத்தாறில மன்னாரில இருந்து அகதியா ஜேர்மனிக்கு வந்து, கோப்பை கழுவி, பிறகு இருபது வருசம் அந்தச் சின்ன நகரத்தில பஸ் ஓட்டினவர். ஜேர்மன்காரர் அழைப்பு இல்லாமல் செத்த வீட்டுக்குப் போகாயினம். அத்தான் கேக்கிற ஆளோ? பஸ்ஸில ஏறுற கிழடு ஒண்டு செத்தால், பிளாஸ்கில தேத்தண்ணியோட அண்டைக்கே வாசலில நிப்பார். "கலியாணத்துக்குத்தான் சொல்லவேணும் கொறற்றி, சாவுக்குமோ?" எண்டு என்னட்டைச் சொல்லுவார். முதலில கதவு திறக்கவே பயந்த சனம், கடைசியில அவருக்கே வோட்டுப் போட்டுது.

ஏழு வருசம் மேயர். என்ர அக்கா சிசிலிக்குப் பெருமை பிடிபடேல்லை. நகரசபைச் சுவரில ஆயிரத்துத் தொளாயிரத்து நாலில இருந்து வந்த மேயர்மாரின்ர படம் வரிசையாத் தொங்குது, முன்வரிசை முழுக்க மீசை. பதவி முடிய அத்தான்ர படமும் ஏறும் எண்டு அக்கா அவருக்குக் கறுப்புச் சூட் தைப்பிச்சு வைச்சிருந்தவ.

பூங்காவில ஒரு குளம். வேலி போடச்சொல்லிக் கடிதம் வந்தது. பாலர் பாடசாலைக் கூரை ஒழுகுது, அதுதான் முதல் எண்டு நினைச்சு, அத்தான் கடிதத்தை மேசை லாச்சிக்குள்ள போட்டுப் பூட்டினார். அந்த மார்ச்சில நாலு வயசுப் பெட்டைப்பிள்ளை ஒண்டு குளத்தில விழுந்து செத்துப்போச்சு.

"அங்க போகாதேங்கோ, ஒரு சொல்லும் சொல்லாதேங்கோ" எண்டு அத்தான்ர வக்கீல் போனில கத்தினான். மனுசன் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு அந்தச் செத்த வீட்டுக்குப் போயிட்டுது. பிள்ளையின்ர தாய் அன்யா தனிய இருந்தவவாம். அவவின்ர கையைப் பிடிச்சு, "கடிதத்தை வாசிச்சனான். வேலியைத் தள்ளிப்போட்டது நான்தான்" எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டார். அவ அதைப் பொலிசுக்குச் சொன்னா. சொல்லாமல் இருப்பாவோ, பெத்தவள்!

அத்தான் கடிதத்தைக் கண்டதுக்கு வேற சாட்சி இல்லை. ஆறுதல் மட்டும்தான் சொன்னனான் எண்டால் வழக்கு நிக்காது எண்டான் வக்கீல். வழக்குக்கு முதல்நாள் நான் அத்தான்ர காலில விழாத குறை. "அத்தான், அக்காவை நினையுங்கோ. சொல்லேல்லை எண்டு சொல்லுங்கோ."

நீதிமன்றத்தில எழும்பி, அன்யா இருந்த பக்கம் பார்த்து, "ஓம், சொன்னனான்" எண்டார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. எனக்கு வந்த கோவத்தில, வெளியில வந்த உடன, "உங்களுக்கென்ன விசரோ?" எண்டு கேட்டன்.

"செத்த வீட்டில சொன்னதை மாத்தினால், பிள்ளையைப் பறிகுடுத்தவளைப் பொய்க்காரியாக்கிறதாப் போகும் கொறற்றி. அது என்னால ஏலாது."

ஒத்திவைச்ச சிறைத்தண்டனை, உள்ள போகத் தேவையில்லை. பதவி போச்சு. படம் ஏறேல்லை. சூட் அலுமாரியில கிடக்குது. ஊரில முந்திக் கைகுடுத்தவையே இப்ப தெருவுக்கு மற்றப் பக்கத்தால போகினம். எனக்கு அவரில இன்னும் கோவம் ஆறேல்லை.

மேயரா அவர் கடைசியாக் கையெழுத்து வைச்சது அந்த வேலிக்குத்தான். வேலி போட ரெண்டே ரெண்டு பேர் வந்தவை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே போட்டு முடிச்சிட்டினம்.