கேட்டை விட்டுப் போன கம்பெனி பஸ்

நாங்கள் படப்பைக்குக் குடிவந்து ஆறு வருஷமாகிறது. லிஃப்ட் பத்து நாள் படுத்துக் கிடந்தபோதுகூட எங்கள் குடியிருப்பில் இவ்வளவு கூட்டம் சேர்ந்ததில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பருவநிலை மாற்றத்துக்காகச் சேர்ந்தது.

தலைப்பு — ‘தனி மனிதன் என்ன செய்யலாம்?’ ஏற்பாடு, சங்கச் செயலாளர் குணசேகரன். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் மேனேஜர். தினமும் காரில் போய்வருகிறார், தனி மனிதராக.

அவர் மைக்கைப் பிடித்து இரண்டு நிமிஷம் ஆகவில்லை. மூன்றாவது மாடி சந்தானம் சார் எழுந்துவிட்டார். ரிட்டயர்டு ஆசாமி. யூடியூபில் அவர் பார்க்காத விஞ்ஞானம் கிடையாது.

“இதெல்லாம் சும்மா பயமுறுத்தறது குணா. பூமி சூடாகும், அப்புறம் தானா ஆறும். எனக்கு அப்பவும் வேர்த்துது, இப்பவும் வேர்க்குது.”

“உங்க வேர்வைய வச்சு உலகத்தை அளக்காதீங்க சார். நாம ஒவ்வொருத்தரும் மாறினாத்தான் எதுவும் மாறும்.”

“நான் ஒருத்தன் லைட்டை அணைச்சா எந்த ஊர்ல ஐஸ் உருகாம நிக்கப்போகுது?”

முக்கால் மணி நேரம் இதே கதை. இப்படி ஒரு விவாதத்தில் மனசு மாறி எழுந்துபோன ஒரே ஒரு ஆளையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? உலகம் சூடாகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் குணசேகரன் பேசப் பேச, சந்தானம் கட்சியில் சேர்ந்துவிடலாமா என்றிருந்தது.

அப்போதுதான் யாரோ அந்த பஸ் பேச்சை எடுத்தார்கள்.

எங்கள் கேட்டுக்கு எதிரே ஒரகடம் போகிற கம்பெனி பஸ் ஒன்று நிற்கும். பின்தெருவில் வரிசையாக ஷீட் போட்ட ரூம்கள். தெற்கேயிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள் ரூமுக்கு நாலைந்து பேராகத் தங்கியிருக்கிறார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு போக விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு தரம், பகல் ஒரு மணிக்கு ஒரு தரம் பஸ் வரும். வந்தால் கால் மணி நேரம் நிற்கும் — இன்ஜினை அணைக்காமல்.

“பாருங்க, கண்ணு முன்னாடியே கார்பன்” என்றார் குணசேகரன்.

“காலைத் தூக்கமே போச்சு” என்றார் சந்தானம்.

அவ்வளவுதான். உலகம் சூடாகிறதா இல்லையா என்பதில் ஒத்துப்போகாத இரண்டு பேரும் ஒரே நிமிஷத்தில் ஒத்துப்போனார்கள். பஸ் நிற்கும் இடத்தை மாற்றச் சொல்லி கம்பெனிக்கு ஒரு மனு, ‘சுற்றுச்சூழல் நலன் கருதி’. அரை மணி நேரத்தில் நாற்பத்திரண்டு கையெழுத்து.

அதில் ஒன்று என்னுடையது. எனக்கும் ஐந்து மணித் தூக்கம் பிடிக்கும். அதற்கு மனுவில் சுற்றுச்சூழல் என்று பெயர் வைத்திருந்தது வசதியாகவும் இருந்தது.

பத்தே நாளில் பஸ் மெயின் ரோட்டுக்குப் போய்விட்டது. பெட்ரோல் பங்க் பக்கத்தில் நிற்கிறது. இங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர். வழியில் ஒரு மரம் கிடையாது, ஒரு கூரை கிடையாது. இப்போதோ கத்திரி வெயில்.

விளைவு? ரூம் பையன்கள் பலர் ஊரிலிருந்து பைக்கை வரவழைத்து, நேரே கம்பெனிக்கே ஓட்டிக்கொண்டு போகிறார்கள். முன்பு காலை ஐந்து மணிக்கு ஒரு பஸ் உறுமியது. இப்போது பதினான்கு பைக். படுத்தபடியே எண்ணினேன். தூக்கம்தான் இல்லையே...

பைக் இல்லாதவர்கள் நடக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இசக்கியம்மாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். ஒயர் அசெம்பிளி லைனில் காண்ட்ராக்ட் வேலை. மாவுக் கடையில் பார்த்துப் பழக்கம்.

போன செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டே முக்கால். ஸ்கூட்டரில் கேட்டை விட்டு வெளியே வருகிறேன், இசக்கி எங்கள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். முகம் வெளுத்திருந்தது.

“என்னம்மா ஆச்சு?”

“தலை சுத்துது சார். நேத்து ராத்திரி பூரா கரண்ட் இல்ல. ஷீட்டு வேற அனலா அடிக்கு. ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல.”

“லீவு போட்டுட்டுப் படுக்கலாமே?”

“மூணு தடவ பஸ்ஸ விட்டா லைன்ல இருந்து எடுத்துருவேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. பஸ்ஸு இடம் மாறுனதுல இருந்து ரெண்டு தடவ விட்டுட்டேன். இன்னைக்கும் விட்டா ஊரப் பாக்கப் போவேண்டியதுதான்.”

வாட்ச்மேனிடம் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, வண்டியில் உட்காரச் சொன்னேன். யோசித்துப் பாருங்கள். எங்கள் கேட்டில் நின்ற பஸ்ஸை விரட்டிவிட்டு, அதே பஸ்ஸைப் பிடிக்க நான் பெட்ரோல் எரித்துக்கொண்டு போகிறேன்.

பாதி வழியில் பின்னாலிருந்து ஒரு கேள்வி வந்தது. குரலில் கோபமே இல்லை.

“நீங்களும் அதுல கையெழுத்து போட்டீங்களாமே சார்?”

ஹார்ன் அடித்தேன். எதிரே யாரும் இல்லை.

பஸ் நின்றுகொண்டிருந்தது — வழக்கம்போல் உறுமிக்கொண்டு. இசக்கி ஏறிக்கொண்டார். நான் டிரைவரிடம் போய், ஏன் அணைப்பதே இல்லை என்று முதல் முறையாகக் கேட்டேன்.

“பேட்டரி வீக்கு சார். ஆஃப் பண்ணா திரும்ப எடுக்காது. இதுங்கதான் எறங்கி தள்ளணும். மாத்திக் குடுன்னு ஓனராண்ட சொல்லிகினே கீறேன். இன்னா பண்றது?”

ஒரு பேட்டரி. துருவத்து ஐஸ் வரைக்கும் போய்வந்த நாற்பத்திரண்டு பேரில், தெருவைத் தாண்டி ஒரு டிரைவரிடம் ‘ஏன்பா?’ என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தனி மனிதன் மாற வேண்டும் என்று பேசினோமே, அந்த மனிதன் எங்கள் காம்பவுண்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. முதலில் என் மேல்.

அன்று சாயங்காலமே புது மனு எழுதினேன். பேட்டரியை மாற்றுங்கள், பஸ்ஸைப் பழைய இடத்துக்கே அனுப்புங்கள், நிற்கும்போது இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள்.

சந்தானம் சார் படிப்பதற்குக் கண்ணாடியைத் தேடினார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். குணசேகரன் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“அது கம்பெனி விஷயம் சார். நம்மள மாதிரி தனி மனுஷன் என்ன செய்ய முடியும்?”

மனுவில் இதுவரை இரண்டு கையெழுத்து. ஒன்று என்னுடையது. இன்னொன்று வாட்ச்மேனுடையது, அவர் இங்கே குடியிருப்பவர் இல்லை என்பதால் செல்லாதாம்.

இசக்கிக்கு இந்த வாரமும் மதிய ஷிப்ட். பன்னிரண்டே முக்காலுக்கு நான் ஸ்கூட்டரோடு கேட்டில் நிற்கிறேன் — இன்ஜினை அணைத்துவிட்டுத்தான்.