ரயில் ரோட்டில் ஒரு மேடு

மண்ணுக்கடியில் ஒரு ரயில் எஞ்சின் கிடக்கிறது என்று நான் உண்மையாகவே நம்பினேன். நானுஓயாவிலிருந்து ராகலைக்கு ஒரு காலத்தில் குட்டி ரயில் ஓடியது. தண்டவாளத்தைக் கழற்றி எத்தனையோ காலமாகிவிட்டது. அந்தத் தடத்தை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதையாக்கும் வேலையில் நான் சூப்பர்வைசர். மழையில் கவிழ்ந்த எஞ்சினை வெள்ளைக்காரன் அப்படியே மூடிவிட்டுப் போனான் என்பது டீக்கடைப் பேச்சு. சூப்பர்வைசர் டீக்கடைப் பேச்சை நம்பக்கூடாது என்று சட்டமா இருக்கிறது?

தேயிலை மலையோரம் தடம் வளையும் இடத்தில், நடுவே ஒரு சின்ன மேடு. ரயில் போன தடத்தில் மேடு இருக்க நியாயமில்லை. "வெட்டுங்கப்பா!" என்றேன். முருகேசு மண்வெட்டியைப் போட்டான். 'டங்' என்றது.

"எஞ்சின்டா!" என்று குதித்தேன்.

முருகேசு குனிந்து எடுத்தது ஒரு சில்வர் டம்ளர். "எஞ்சினு டீ குடிச்ச டம்ளருங்களாண்ணே?"

மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மாரியாயி, கூடையோடு சரிவில் ஓடிவந்தார்.

"வெட்டாதீங்க! எம்புள்ள கெடக்குது!"

பிள்ளையின் குழியில் பால் ஊற்றி வைத்த டம்ளர் அது. நான் மழைத்தண்ணீர் ஓடும் பக்கத்துக் கானுக்குள் உட்கார்ந்துவிட்டேன். பொலிஸ், கோர்ட்டு, விலங்கோடு பேப்பரில் என் படம், எல்லாம் வரிசையாக வந்து போயின. ஆட்களுக்கு வைத்திருந்த தண்ணீர்க் கேனை நானே குடித்துத் தீர்த்தேன். கடைசியில் மாரியாயிதான் என்னைத் தேற்றினார்.

"மூச்சு விடுங்கண்ணே. மேல் மண்ணு தான் பேந்திருக்கு."

டம்ளரைக் கழுவி, இருந்த இடத்திலேயே வைத்து மூடினார். பிறகு சொன்னார்: "பொறந்த கையோட போயிருச்சு. அன்னிக்கிப் பேய் மழை. சுடுகாட்டுப் பாத சரிஞ்சி கெடந்திச்சி. தண்ணி நிக்காத எடம் இது ஒன்னு தான்."

ரயில் தடத்தில் கருங்கல் பரப்பி, ஓரத்தில் கான் வெட்டியிருப்பார்கள். தண்ணீர் நிற்காது. இது எனக்கும் தெரியும். அந்தக் காரணத்துக்காக ஒரு பிள்ளையை அங்கே கொண்டுவந்து வைப்பார்கள் என்றுதான் தெரியாது.

பிளானில் பாதை அந்த மேட்டின் மேலேயே போனது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். வளைக்க இடமில்லை. இஞ்சினியர் மாத்தயாவிடம் சொல்ல வேண்டியதைச் சிங்களத்தில் பலமுறை ஒப்பித்துப் பார்த்துவிட்டு, அவர் முன்னால் பாதியில் திக்கி நின்றேன். அவர் தொப்பியைக் கழற்றினார். பிள்ளையை எடுத்துச் சுடுகாட்டில் வைக்கலாமா என்று தாயிடம் கேட்கச் சொன்னார்.

"எடுக்க வேணாங்க," என்றார் மாரியாயி. "காலையில பெரட்டுக்களத்துல பேர் குடுக்க இந்த ஓரமா தான் நடந்து போறோம். ஆளுங்க நடக்கிறது அதுக்குப் பழக்கம். மேல சைக்கிள் மட்டும் ஏற வேணாம்."

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். மண்வெட்டியைப் போடுமுன் பக்கத்து லயத்து வீடுகளில் போய்க் கேளுங்கள். பிளான் போட்டவர் அங்கே குடியிருக்கவில்லை.

மேட்டைச் சுற்றிக் கல் பதித்தோம். ஓரமாக ஓர் ஆள் நடக்கும் அகலம் மிஞ்சியது. இரண்டு பக்கமும் பலகை நட்டு, 'சைக்கிளை விட்டு இறங்கி நடக்கவும்' என்று மூன்று மொழியிலும் எழுதினோம். காரணம் எழுதவில்லை. வருகிறவர்கள் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.